மீளுதல் என்பது திரும்பிப் போதல் அன்று

தமிழில் 'மீள்' என்னும் வினை இரு பொருள் தரும். போன இடத்திலிருந்து திரும்பி வருதல் ஒன்று. பற்றிய துன்பத்திலிருந்து விடுபட்டு எழுதல் மற்றொன்று. நோயிலிருந்து ஒருவன் மீண்டான் என்கிறோம். அவன் மறுபடியும் நோயிடமே போய்ச் சேர்ந்தான் என்று எவரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. ஆனால் கணவனின் கொடுமையால் நொந்த பெண்ணொருத்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமது சமூகம் முதற்பொருளை இறுகப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிடுகின்றது. அவள் அவனோடு மீண்டும் சேர்ந்துவிட்டாளா என்பதே எல்லோருடைய வினாவும். சேர்ந்துவிட்டாள் எனின் பிணக்குத் தீர்ந்தது. கூடியிருந்த பெரியோர் தேநீர் அருந்திக் கலைந்து செல்லலாம். அவளுடைய காயம் ஆறியதா, அச்சம் நீங்கியதா, இரவில் அவள் உறங்குகிறாளா என்று வினவுவார் இல்லை. இந்தப் பிழையான கணக்கைக் கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களை முன்னிறுத்தி மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் இவ்வூர்களின் குடும்ப அமைப்பு தென்னாசியாவின் பெரும்பகுதியில் காணப்படுவதிலிருந்து வேறுபட்டது. இங்கு மணப்பெண் மாமியார் வீட்டுக்குக் குடிபோவதில்லை. மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருகின்றான். தாய்வழியாக வரும் குடிமுறையும், அக்குடிகளின் சார்பில் பள்ளிவாசலில் அமரும் மரைக்கார் முறையும் இவ்வமைப்பின் கிளைகளாகும். அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். பெண்பிள்ளை பிறந்த நாள்முதல் அவளுக்கொரு வீடு என்பதே பெற்றோரின் கவலை. வாப்பா மத்திய கிழக்குக்குப் போய் உழைப்பது அவ்வீட்டுக்காகவே. மூத்த சகோதரன் தன் திருமணத்தைத் தள்ளிப்போடுவதும் அதற்காகவே. மகளுக்குத் திருமணமானதும் பெற்றோர் வீட்டை அவளிடம் விட்டுவிட்டு வளவின் ஓரத்தில் சிறியதொரு குடிலுக்கு ஒதுங்குவதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

இவ்வழக்கத்தின் பொருளாதாரக் கொடுமையைப் பலர் எழுதியுள்ளனர். சீதனம் என்ற பெயரால் ஏழைக் குடும்பங்கள் நசுக்கப்படுவது உண்மை. அதனை நியாயப்படுத்துவது என் கருத்தன்று. ஆயினும் இவ்வழக்கத்தின் உள்ளே எவரும் எடுத்துப் பயன்படுத்தாத நியாயமொன்று புதைந்து கிடக்கின்றது. 1971ஆம் ஆண்டில் லண்டன் நகரின் சிசிக் பகுதியில் எரின் பிட்சி என்பவர் அடிபட்ட மனைவியருக்கென ஒரு புகலிடத்தைத் திறந்தார். அதன்பின் உலகின் பல நாடுகளில் அத்தகைய இல்லங்கள் தோன்றின. அவை யாவும் விடை தேட முயன்ற வினா ஒன்றே: அடிபட்டவள் எங்கே போவாள்? நமது கரையோரத்தில் அவ்வினாவுக்கே இடமிருக்கக் கூடாது. நிலம் அவளுடையது, சுவரும் கூரையும் அவளுடையன, கிணற்றடியும் அவளுடையதே. அவ்வாறாயின் வெளியேற வேண்டியவன் யார்?

நடப்பதோ வேறு. வீட்டுக்கு வந்தவன் வீட்டுக்காரனாகின்றான். வீட்டுக்குரியவள் அங்கே அஞ்சி ஒடுங்கி வாழ்கின்றாள். அவள் வாய்திறந்தால் குடும்பம் கூடுகின்றது. 'சபுறு செய்துகொள் மகள்' என்கின்றனர். 'உன் தங்கச்சிமாரை யார் முடிப்பார்கள்?' என்கின்றனர். 'இந்த வீட்டைக் கட்ட வாப்பா பட்ட பாட்டை எண்ணிப் பார்' என்கின்றனர். அவளைக் காக்கவென்று கட்டிய வீட்டையே காட்டி அவளை அடக்குகின்றனர். வீடு கொடுத்துப் பெற்ற மாப்பிள்ளையை இழந்தால் வீடு கட்டிய பணமெல்லாம் வீணாயிற்று என்பது அவர்களின் கணக்கு. மகள் வீணாவது அக்கணக்கில் வருவதில்லை.

இத்தகைய பெண் ஏன் முதல் அடியிலேயே விலகிவிடுவதில்லை என்று கேட்போர் உளர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் லெனோர் வோக்கர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கொடுமை நாள்தோறும் ஒரே அளவில் நிகழ்வதில்லை; அது வட்டமாகச் சுழல்வது. முதலிற் சிடுசிடுப்பும் குற்றங்காணலும், பின்னர் அடி, அதன்பின் கண்ணீர், மன்னிப்பு, புதுச்சேலை, இனிமேல் இல்லை என்ற சத்தியம். அவ்விறுதிக் கட்டத்தில் தான் மணந்த மனிதனையே அவள் மீண்டும் காண்கின்றாள், நம்புகின்றாள். சிறிது காலத்தில் வட்டம் மறுபடி சுழலத் தொடங்குகின்றது. நமது ஊர்ச் சமாதானக் கூட்டங்கள் பெரும்பாலும் எப்பொழுது கூடுகின்றன என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். அவன் அழுதுகொண்டு நிற்கும் வேளையிலேயே அவை கூடுகின்றன. வட்டத்தின் மூன்றாம் கட்டத்தைக் கண்டு 'திருந்திவிட்டான்' எனத் தீர்ப்பு வழங்கி, அவளை முதலாம் கட்டத்துக்குள் தள்ளிவிட்டுப் பெரியோர் விடைபெறுகின்றனர். சமாதானம் எனப்படுவது பல வீடுகளில் அடுத்த அடிக்குரிய இடைவேளையே.

காயம் ஆறுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1992ஆம் ஆண்டில் ஜூடித் ஹேர்மன் என்னும் மனநல மருத்துவர் அதனை மூன்று படிகளாக வகுத்தார். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது, நடந்ததை நினைவுகூர்ந்து சொல்லித் துக்கிப்பது, மூன்றாவது, பிறரோடு மீண்டும் உறவு கொண்டு வாழ்வைக் கட்டுவது. முதற்படி வாய்க்காதவளுக்கு ஏனைய இரண்டும் கைகூடா. அடிப்பவன் அடுத்த அறையில் உறங்கும்போது ஆறுதல் மொழிகளால் யாது பயன்? ஓதிய தண்ணீரும், தாயத்தும், நல்லுரையும், தூக்க மாத்திரையும் அவ்வறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகமாட்டா. நாமோ மூன்றாம் படியிலிருந்து தொடங்குகின்றோம். 'சிரித்த முகத்தோடு இரு, நாலு பேரோடு பழகு, எல்லாம் மறந்துவிடும்' என்கின்றோம். மறப்பதற்கு முன் அவள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் அவள் அஞ்சாதிருக்க வேண்டும்.

இது எங்கோ சிலருக்கு நேரும் அரிய விபத்தன்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நாடளாவிய முறையில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வு, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் அத்துணைவரின் உடல்வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியுள்ளனர் எனக் காட்டியது. ஐவரில் ஒருவர். இனமும் மதமும் பாராத கணக்கு இது. 'எங்கள் ஊரில் அப்படியில்லை' என்போர் தம் ஊரின் மதில்கள் எவ்வளவு உயரமானவை என்பதையே சொல்கின்றனர்.

இனி, எம்மை நோக்கி வீசப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது வாதம் மார்க்கத்தின் பெயரால் வருவது. பொறுமை ஈமானின் பகுதி. ஆகவே மனைவி பொறுக்க வேண்டும் என்பர். பொறுமை உயர்ந்த குணமென்பதை எவரும் மறுக்கவில்லை. அக்குணத்தைக் கோபத்தில் கையோங்குபவனிடமன்றோ முதலிற் கேட்க வேண்டும்? அடிப்பவனுக்குப் பொறுமை போதிக்காத உபதேசம் அடிபடுபவளுக்கு மட்டும் போதிக்கின்றதெனில் அது மார்க்கமாகாது. வலியவனுக்குச் செய்யும் ஊழியமே ஆகும். மனைவியை நல்லமுறையில் வைத்து வாழ வேண்டும், இல்லையேல் நல்லமுறையில் விடுவிக்க வேண்டும், துன்புறுத்துவதற்காகத் தடுத்து வைக்கலாகாது என்பது திருக்குர்ஆனின் 'அல்பகரா' அத்தியாயம் தரும் கட்டளை. விவாகரத்தைப் பற்றியே பேசும் 'அத்தலாக்' அத்தியாயம் இத்தாக் காலத்தில் பெண்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாதென்கின்றது. நபியவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என ஆயிஷா நாயகி அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தாபித் இப்னு கைஸின் மனைவி, கணவனின் ஒழுக்கத்தில் குறை காணாத நிலையிலும் அவனோடு வாழ இயலாதென நபியவர்களிடம் வந்து முறையிட்டபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து அவள் விடுபட வழிசெய்யப்பட்டது. குறையே சொல்லாத பெண்ணுக்குத் திறந்த வாயிலை, எலும்பு முறிந்த பெண்ணுக்கு அடைப்பதற்கு நம்மவர் எங்கிருந்து அதிகாரம் பெற்றனர்?

இரண்டாவது வாதம் சட்டத்தைப் பற்றியது. 'காதி நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போகலாமே' என்பர். போகலாம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, கணவன் கொடுமைப்படுத்துவதை மனைவி விவாகரத்துக் கோருவதற்குரிய காரணமாக வெளிப்படையாகவே ஏற்கின்றது. இதுவே 'பஸ்ஹ்'. ஆனால் அவள் நடக்க வேண்டிய வழியையும் அவன் நடக்க வேண்டிய வழியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தலாக் கூற விரும்பும் கணவன் காதிக்கு அறிவித்து, முப்பது நாள் சமாதான முயற்சிக்குப் பின் அதனைக் கூறிவிடலாம். காரணத்தை நிறுவ வேண்டியதில்லை. பஸ்ஹ் கோரும் மனைவியோ தான் பட்டதைச் சாட்சிகளைக் கொண்டு நிறுவ வேண்டும். சாத்திய கதவுக்குள் நள்ளிரவில் விழுந்த அடிக்கு அவள் யாரைச் சாட்சியாக அழைப்பாள்? அழுத குழந்தையையா? காதியார் ஆண், அவரோடு அமரும் மதிப்பீட்டாளர்கள் ஆண்கள், மேன்முறையீட்டுச் சபையினரும் ஆண்கள். சட்டத்தரணியைத் துணைக்கழைக்கவும் இயலாது. சட்டத்தின் 74ஆம் பிரிவு அதனைத் தடுக்கின்றது. படுக்கையறையில் நேர்ந்த அவமானத்தை முன்பின் அறியாத ஆடவர் முன்னிலையில் தனியே நின்று அவள் விவரிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் கணவனின் உறவினராகவோ பள்ளிவாசல் நண்பராகவோ இருப்பது சிறிய ஊர்களில் அரிதன்று.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவில் கண்ணகை அம்மன் கோயில் உள்ளது. இக்கரையோரத்துத் தமிழ் மக்கள் நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் அப்பெண்ணின் கதையைத் தமிழ் கற்போர் அனைவரும் அறிவர். பொறுமையின் வடிவமென நாம் மேடைகளிற் புகழும் அவளே அரசவைக்குச் சென்று, தன் வழக்கைத் தானே உரைத்து, தன் கைச் சிலம்பைச் சான்றாக உடைத்துக் காட்டினாள். அவளைக் கேட்பதற்கு ஓர் அவை இருந்தது. தவறியதை ஒப்புக்கொள்ள ஓர் அரசன் இருந்தான். நமது ஊர்ப் பெண்ணிடம் உடைத்துக் காட்டச் சிலம்பில்லை. உடைந்த கை இருக்கின்றது. அதனைச் சான்றாகக் கொள்ளும் அவையைத்தான் நாம் இன்னும் அமைக்கவில்லை.

'சட்டத்தில் கைவைப்பது மார்க்கத்தில் கைவைப்பதாகும்' என்ற கூக்குரல் இங்கே எழும். மேற்கூறிய சட்டம் இந்நாட்டின் பாராளுமன்றம் இயற்றியது. அதற்கு முன்னர் 1929ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இருந்தது. அதற்கும் முன்னர் ஒல்லாந்தர் காலத்துத் தொகுப்பு இருந்தது. மூன்று முறை மாறிய ஒன்று நான்காம் முறை மாறக்கூடாதென்பது எந்த வேதத்தின் கட்டளை? இந்தோனேசியாவின் சமய நீதிமன்றங்களில் பெண்கள் பல்லாண்டுகளாக நீதிபதிகளாக இருந்து வருகின்றனர். பலஸ்தீனத்தில் 2009ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டனர். எகிப்து 2000ஆம் ஆண்டில் 'குல்உ' முறையிலான மணவிலக்கைக் கணவனின் சம்மதமின்றியே மனைவி பெறச் சட்டமியற்றியது. அந்நாடுகளில் இஸ்லாம் அழிந்துவிடவில்லை. இங்கோ 2009ஆம் ஆண்டில் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018ஆம் ஆண்டிலேயே தன் அறிக்கையைக் கையளித்தது. ஒன்பது ஆண்டுகள்! முதலாண்டில் பிறந்த குழந்தை நான்காம் வகுப்புக்குப் போயிருக்கும். அதன் தாய் எத்தனை முறை 'சபுறு' செய்திருப்பாள்?

மூன்றாவது வாதம், 'இது குடும்ப விடயம், பொலிசுக்குப் போகலாமா?' என்பது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டின் எல்லா இனத்துப் பெண்களுக்கும் உரியது. முஸ்லிம் பெண்ணுக்கும் உரியது. அதன் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் அவளே மனுச் செய்யலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். கொடுமை செய்தவன் அவளுடைய வதிவிடத்துக்குள் நுழைவதைத் தடுத்து நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். இதனைப் பெற அவள் விவாகரத்துச் செய்ய வேண்டியதில்லை. காதியின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. ஆகவே 'அடித்தவன் வெளியேறட்டும்' என்பது யாரோ ஆவேசத்தில் எழுப்பிய முழக்கமன்று. நாட்டின் சட்டம் அதற்கு வழி தருகின்றது. வீட்டைப் பெண்ணுக்குரியதாக்கிய நமது பாட்டன் பாட்டியரின் வழக்கமும் அதற்குத் துணை நிற்கின்றது. இரண்டும் ஒன்றுசேரும் இடம் இக்கரையோரத்தைப் போல் இலங்கையில் வேறெங்கு உண்டு?

அந்த வழக்கமும் இன்று முழுமையாக இல்லை என்பதை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. கடலோரத்து வீடுகள் பல அடித்தளம் மட்டும் எஞ்ச அழிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். ஈடாகப் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்ற அளவுகோல் கொண்டுவரப்பட்டது. தலைவர் என்றால் ஆண் என்பது அலுவலகங்களின் அகராதி. மனைவியின் பெயரில் இருந்த வீடு கடலோடு போயிற்று. அதற்கு மாற்றாக வந்த வீடு பல இடங்களில் கணவனின் பெயரில் எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. நம்முடைய படித்த வர்க்கமோ பெரும்பாலும் வாளாவிருந்தது. அன்று கைமாறியது வெறும் காணிப் பத்திரமன்று. அடிபட்ட பெண்ணொருத்தி 'இது என் வீடு, வெளியே போ' என்று சொல்வதற்கிருந்த ஒரே ஆதாரமும் அதனோடு போயிற்று.

நான்காவது வாதம் குழந்தைகளைக் காட்டி அச்சுறுத்துவது. தகப்பனில்லாப் பிள்ளைகளாக்கலாமா என்பர். தாய் அடிபடுவதைக் கதவிடுக்கால் பார்த்து வளரும் மகன் அதிலிருந்து கற்பது என்ன? அதே இடுக்கால் பார்க்கும் மகள் தன் எதிர்காலத்தைப் பற்றி எண்ணுவது என்ன? பிள்ளைகளுக்குத் தகப்பன் வேண்டும் என்பது மெய்யே. அதனாலேயே தாபரிப்புப் பணத்தைத் தவறாது கொடுக்கச் செய்வதிலும், பிள்ளைகளைப் பாதுகாப்பான முறையில் அவன் சந்திக்க வழி வகுப்பதிலும் பள்ளிவாசல் நிருவாகங்கள் தம் செல்வாக்கைச் செலுத்துதல் வேண்டும். சமாதானக் கூட்டத்துக்கு ஓடிவரும் கால்கள் தாபரிப்புப் பணம் நின்றுபோன மாதத்தில் எங்கே போய்விடுகின்றன?

ஐந்தாவதாக, வாதமென்று சொல்லத்தகாத, ஆனால் எல்லா வாதங்களினும் வலியதொன்று உண்டு. அது ஊர்வாய். தமிழ்ச் சங்கத்தின் ஏடொன்றில் எழுதுவதால் இதனைச் சற்று நின்று நோக்குவது பொருந்தும். கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு நமது மொழி வைத்திருக்கும் பெயர் 'வாழாவெட்டி'. அவள் உண்கிறாள், உழைக்கிறாள், பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள், ஆயினும் வாழாதவள்! மனைவியைப் பிரிந்த ஆணுக்கு இத்தகைய சொல் தமிழில் உண்டா? அவன் அடுத்த மாதமே மாப்பிள்ளையாகின்றான். சமூகத்தின் தீர்ப்பு மொழியில் உறைந்து கிடக்கின்றது. ஆயிரமாண்டு இலக்கியப் பெருமை பேசும் நாம் இந்த ஒரு சொல்லையேனும் நமது நாவிலிருந்து அகற்றியிருக்கின்றோமா?

வாழாவெட்டி எனப்பட்டவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் காண வேண்டுமாயின் நமது ஊர்களுக்கு வாருங்கள். மருதமுனையின் நெசவுத் தொழிலிலும், பன்பாய் இழைக்கும் திண்ணைகளிலும், தையல் இயந்திரங்களின் முன்னும், பாலர் பாடசாலைகளிலும் அவர்கள் இருக்கின்றனர். சிலர் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டுக் கடல் கடந்து வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். கையிற் சொந்த வருமானம் வந்த பின்னரே பலர் நிமிர்ந்து பேசத் தொடங்குகின்றனர். இதில் வியப்பில்லை. உண்ணும் சோற்றுக்கு அடிப்பவனை எதிர்பார்த்திருப்பவளுக்குத் துணிவைப் போதிப்பது பசித்தவனுக்கு நோன்பின் சிறப்பைப் போதிப்பதை ஒக்கும். காயம் ஆறுவதில் மருத்துவத்துக்கும் ஆலோசனைக்கும் இடமுண்டு. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இதற்கெனத் தனிப்பிரிவுகள் இயங்குகின்றன. 1938 என்ற தொலைபேசி இலக்கத்தில் பெண்கள் முறையிடலாம். ஆனால் உறுதிப்பத்திரத்தில் தன் பெயரும், கையில் தன் உழைப்பின் பணமும், அயலில் ஏசாத நாவும் இல்லாதவளை எந்த ஆலோசனையும் முழுதாக மீட்டுவிடாது.

'இவையெல்லாம் மேல்நாட்டார் குடும்பத்தைக் குலைக்கக் கொண்டுவந்த கருத்துகள்' என்று இறுதியாகச் சொல்வர். குடும்பத்தைக் குலைத்தது அடித்த கை. அடியைச் சொன்ன வாயன்று. இவ்வுண்மையை அறிய மேல்நாட்டு நூல் வேண்டியதில்லை. மகளுக்கென்று வீடு கட்டி வைத்த நமது மூத்தோர், ஆணின் அன்பை மட்டும் நம்பி ஒரு பெண்ணின் வாழ்வை ஒப்படைக்கக் கூடாதென்பதை நன்கு அறிந்தே இருந்தனர்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. வீடு பெண்ணின் பெயரிலேயே எழுதப்படல் வேண்டும். ஏற்கெனவே பெயர் மாறியவை திருத்தப்படல் வேண்டும். விவாக, விவாகரத்துச் சட்டம் இனியும் தாமதமின்றித் திருத்தப்பட்டு, பெண்களும் காதிகளாகவும் மதிப்பீட்டாளர்களாகவும் அமர வழி பிறத்தல் வேண்டும். அடி விழுந்த வீட்டுக்குச் சமாதானம் பேசப் போவோர், முதலில் அவளைத் தனியே கண்டு, அவள் பாதுகாப்பாக இருக்கின்றாளா, அவள் விரும்புவது யாது எனக் கேட்டறிதல் வேண்டும். குத்பா மேடைகள் சபுறைப் பற்றிப் பேசும் நாளில் ஆண்களை விளித்துப் பேசுதல் வேண்டும்.

இவ்வேட்டை வாசிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் உறவினர் வீடொன்றில் இத்தகைய கூட்டம் நிகழலாம். படித்த பிள்ளையென்று உங்களையும் அழைத்துப் பாயில் இருத்துவர்; எல்லோரும் பேசி முடித்தபின் உங்கள் கருத்தையும் கேட்பர். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பொழுது நீங்கள் யாது சொல்லப் போகின்றீர்கள்?